ஏழடிப் பெட்டி

கருங்கலில் எங்கள் கடைப்பலகை சின்னது.
நாற்காலி, மேசை, பிரியாணிச் செம்பு, குழல்விளக்கு.
கடைசி வரியில் பாதி உதிர்ந்த சிவப்பில்
குளிர்பெட்டி, இருபத்துநாலு மணி நேரமும்.

பதினோரு வருடம் அடுத்தவன் டெம்போவில் ஓடியது பிழைப்பு.
போன மாசி மாதம் பாலப்பள்ளத்தில்
ராத்திரி ஒன்றரை மணிக்குத் தேவைப்பட்டபோது
அவன் போனை எடுக்கவில்லை.
ஐஸ்கட்டியும் மரத்தூளுமாய்
விடியும்வரை ஒருத்தரைக் காத்துவைத்திருந்தார்கள்.
திரும்பி வரும் வழியில் லிட்வின் சொன்னாள்:
"இனி நமக்க வண்டி வேணும்."
அதற்குமேல் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

களியக்காவிளையில் ஒரு பழைய வண்டி, கேரள நம்பர்.
விலையில் லட்சம் குறைவு.
மீன் சுமந்த தளம். உப்பு தின்றது போக மிச்சமிருந்ததை
வறுவேல் மேஸ்திரி விரலால் சுண்டினார்,
பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.
"இதுக்கு எண்ணெ மட்டும் ஊத்துனா காணாது,
ஜெபமும் பண்ணணும்."

மார்த்தாண்டத்தில் ஒன்று, பெரிசு, நல்ல லட்சணம்.
ஆனால் எங்கள் ஊடுவழிகளில்
கையாலைக்கும் பலாமரத்துக்கும் நடுவே
ஐந்தரை அடிதான்.
சாவு மெயின் ரோட்டில் மட்டுமா நடக்கிறது.

கடைசியில் பார்வதிபுரம்.
கழுத்தில் டை கட்டிய பையன் அஜின்
லிட்டருக்கு இருபத்திரண்டு என்றான்.
வறுவேல் என் காதோடு சொன்னார்:
"நம்ம ஏத்த எறக்கத்துல பதினேழு. அதுவே கொள்ளாம்."
காஸ் வண்டி இன்னும் லாபம் சார், என்றான்.
பங்கில் வரிசை நிற்குமே, என்றேன்.
கொஞ்ச நேரம்தான் சார்.
எங்களைக் கூப்பிடுகிற வீட்டில்
அந்தக் கொஞ்ச நேரம் கிடையாது தம்பி.
டீசலே இருக்கட்டும்.

"என்ன லோடு சார் ஏத்துவீங்க?"
இருநூறு நாற்காலி. இல்லாவிட்டால் ஒரு ஆள்.
அவனுக்குப் புரியவில்லை.
லிட்வின் பந்தல்நாடாவை எடுத்து நீட்டினாள்.
தளம் ஏழடி இரண்டு அங்குலம்.
பெட்டி சரியாக ஏழடி.
"ரெண்டங்குலத்துல கயிறு போவும்" என்றவள்
நாடாவைச் சுருட்டாமல் என்னைப் பார்த்தாள்:
"ஏறிப் படுங்க."

படுத்தேன்.
புதுப் பெயிண்டின் வாசனை. முதுகில் தகட்டின் வரிகள்.
மேலே ஷோரூம் விசிறி
யாருக்கும் அவசரமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.
காலுக்குக் கீழே எவ்வளவு மிச்சம் என்று
அவள் அளந்துகொண்டிருந்தாள்.
அஜின் டையை ஒதுக்கிவிட்டு
பின்கதவை மெதுவாக, சத்தமில்லாமல்
மூடிப் பார்த்தான்.
அப்போதுதான் அவனுக்குப் புரிந்திருக்கவேண்டும்.
சீட் கவர் இலவசம் என்பதை
அதற்குப்பிறகு அவன் சொல்லவேயில்லை.

மாதம் பதினாலாயிரத்து அறுநூறு, நாற்பத்தெட்டு மாதம்.
ராத்திரி மாவாட்டியபடி லிட்வின் கணக்குப் போட்டாள்:
"கல்யாண சீசன் ஒரு பாதிய அடைச்சிரும்."
மறுபாதியை அவள் சொல்லவில்லை.
அதை வேண்டிக்கொள்ளவும் முடியாது,
வேண்டாமென்று சொல்லவும் முடியாது.

வண்டி வந்தது. வெள்ளை.
அச்சன் தீர்த்தம் தெளித்து இறங்கியதும்
பின்னால் எடுத்துப் பார்த்தேன்.
டிங்டிங்கென்று ஒரு மெட்டுப் பாடியது,
பிறந்தநாள் கேக்குக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிற மாதிரி.
தெருப்பிள்ளைகள் கைதட்டினார்கள்.
நாங்கள் இருவரும் வறுவேலைப் பார்த்தோம்.

"வயர வெட்டிரலாமா?"
"வேண்டாம்" என்றாள் லிட்வின்.
"சடங்குவீட்டுல பிள்ளையளுக்குப் பிடிக்கும்."

ஸ்டியரிங்குக்கு அடியில்
கறுப்பாய் ஒரு சின்ன சுவிட்ச் வைத்துக் கொடுத்தார்.

இதுவரை மூவாயிரத்து நானூறு கிலோமீட்டர்.
லிட்டருக்குப் பதினேழரை,
வறுவேல் அரை தோற்றார்.
போன் ராத்திரியில் அடித்தால்
சாவியைத் திருகுமுன்னே
என் கை அந்த சுவிட்சுக்குப் போய்விடுகிறது.