கண்ணாடி இருபது

முதலில் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.
பிட்டோமில் ஒரு பையன். ஒரு ஜோடி, பத்துப் பத்துக் கிலோ,
கறுப்பாய், வழவழப்பாய், புதிது மாதிரி.
வீட்டுக்கு வந்து தரையில் வைத்தபோது
தட்டு 'டொப்' என்றது.
இரும்பு அப்படிப் பேசாது.
பிளாஸ்டிக் தோலுக்குள் சிமெண்ட்.

அன்றிலிருந்து மூன்று சாமான் இல்லாமல்
யார் வீட்டுக் கதவையும் நான் தட்டுவதில்லை.
ஃபிரிட்ஜிலிருந்து கழற்றிய காந்தம்,
மகள் கலினாவின் அளவுகோல்,
மீன் நிறுக்கிற கொக்கித் தராசு.
காந்தம் ஒட்டினால் பாதி நம்புவேன்.
துளை ஐம்பது மில்லிமீட்டர் என்றால் முக்கால்.
மீதிக் காலைத் தராசு சொல்லட்டும்.

எனக்கு வேலை டிராம் ஓட்டுவது.
பகல் முழுக்க நாற்பது டன்னை ஒரு கையால் நகர்த்துகிறேன்;
அது கம்பியில் வருகிற மின்சாரத்தின் பலம்.
இரவு நிலவறையில்
கொதிகலனுக்கும் உருளைக்கிழங்குப் பெட்டிக்கும் நடுவே
தூக்குகிற அறுபது கிலோதான் என் கணக்கில் சேரும்.

அக்டோபர். ரூடாவில் கின்டரின் கராஜ்.
கிலோ ஆறு ஸ்வோட்டி, பேரம் கிடையாது என்றார்.
டயர்களுக்குப் பின்னால் ஒரே ஒரு தட்டு,
பச்சைக்கு மேல் நீலம், நீலத்துக்கு மேல் வெள்ளை.
கம்பிப் பிரஷால் தேய்த்தேன். இருபது என்றது.
கொக்கியில் தொங்கவிட்டேன். பத்தொன்பது அறுநூறு.
"இதன் ஜோடி?"
கின்டர் மோவாயால் மூலையைக் காட்டினார்.

அங்கே முட்டைக்கோஸ் ஊறுகிற பீப்பாய்.
பலகைமேல் ஒரு தட்டு,
உப்புநீர் குடித்துக் குடித்துத் துரு பூத்து.
ஜோடி இல்லை அது. அதற்கு யாருமே ஜோடி இல்லை.
ஆலை முத்திரை இல்லை, ஆண்டு இல்லை,
விளிம்பு ஒரு பக்கம் தடித்திருந்தது.
எண் மட்டும் இருந்தது, திரும்பி.
பூஜ்யத்துக்கு எப்படி நின்றாலும் ஒன்றுதான்;
இரண்டு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

ஈர மணலில் ஆணியால் நேராக எழுதி
அதில் இரும்பை ஊற்றினால் இப்படித்தான் வரும்.
மேற்பார்வையாளர் கண்ணயர்ந்த ஏதோ ஒரு இரவில்
எவனோ தனக்கென்று ஊற்றிக்கொண்டது.
நிறுத்தேன். இருபத்தொன்று முந்நூறு.
திருட்டு இரும்பில் யார் எடை குறைப்பார்கள்?

"அது விற்பதற்கில்லை."
வாசலில் எல்ஃப்ரிடா, கையில் கேரட் துருவி.
"கல் வைத்துப் பார்த்தேன், சாய்கிறது.
இது ஒன்றுதான் ஒழுங்காய் உட்காரும்."
கின்டர் பீப்பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
பிறகு கூரையைப் பார்த்தார்.

என் கார் டிக்கியில் அந்த இரண்டு பொய்யர்களும் கிடந்தார்கள்.
இறக்கினேன்.
துருப் பிடிக்காது. தட்டையாய் அமரும்.
சேர்த்து நிறுத்துக் காட்டினேன்: இருபது கிலோ நூறு கிராம்.
எடையில் மட்டும் அந்தப் பையன் பொய் சொல்லியிருக்கவில்லை.
எல்ஃப்ரிடா விரலால் சுண்டினார். டொப்.
முகர்ந்தார்.
சோப்புப் போட்டுக் கழுவித்
தூக்கிப் பலகைமேல் வைத்தார்;
ஓரத்தில் உப்புநீர் மெல்ல ஏறி வந்தது.
"பரவாயில்லை" என்றார்.

வித்தியாசம் ஒரு கிலோ இருநூறு,
ஏழு ஸ்வோட்டி இருபது என்று
கின்டர் அட்டைப்பெட்டியில் எழுதிக் காட்டினார். கொடுத்தேன்.

இப்போது தண்டின் இடப்பக்கம் கடைத் தட்டு.
கூடவே, சாவி தொலைந்த சைக்கிள் சங்கிலி,
சரியாக ஒன்று எழுநூறு.
வலப்பக்கம் அவன். துளை இறுக்கம்,
சோப்புத் தடவித்தான் ஏற்ற முடிந்தது.
சுவரில் சாய்த்த உடைந்த அலமாரிக் கண்ணாடியில்
இருபது என்று நேராகத் தெரிகிறான்;
சங்கிலி சுற்றியதுதான் அதில் தலைதிரும்பி நிற்கிறது.

ஐந்தாவது தடவை தூக்கும்போது
உள்ளங்கை வியர்வையில் புளித்த வாசம் கிளம்புகிறது.
மாடியிலிருந்து கலினா கத்துகிறாள்:
"அம்மா, இந்த நேரத்தில் என்ன சமைக்கிறாய்?"
பதில் சொல்ல மூச்சில்லை.
இன்னும் மூன்று இருக்கிறது.