நாற்பத்தொரு கிராம்

ரிம்வீதாஸுக்குப் பயம் வரும்,
பயப்பட ஒன்றும் இருக்காது.
கௌனாஸ் நகரத்து டிராலிபஸ்,
ஆளில்லாத நிறுத்தம், பச்சை விளக்கு.
சட்டை நனைந்து முதுகில் ஒட்டும்.
நெஞ்சு தன்பாட்டுக்கு ஓடும்.
பதினோரு நிமிடம்.
பிறகு கண்ணாடிக்கு வெளியே
ஒன்றும் அறியாத நேமுனாஸ் ஆறு.

நரம்புத் தளர்ச்சி என்றார்கள்.
மனைவி விட்டுப் போனதால் என்றார்கள்.
ஆறு வருடம் தூக்க மாத்திரை.
கடைசியில் ஒரு பயிற்சி மருத்துவர்தான்
ஒரு நாள் முழுவதுமான சிறுநீரைக்
கேனில் பிடித்து வரச் சொன்னாள்.
எண்கள் சொல்லிவிட்டன.
இடது சிறுநீரகத்தின் தலையில்
கோணலாக வைத்த தொப்பிபோல் ஒரு கட்டி.

நான் மயக்க மருந்து கொடுப்பவள்.
அட்ரினலின் தட்டுகிற கதவுகளைப்
பதினாறு நாள் மாத்திரையால் தாழிட்டேன்.
உப்புத் தின்னுங்கள், தண்ணீர் குடியுங்கள் என்றேன்.
"மூக்கு அடைக்கிறது, டாக்டர்."
நல்லது என்றேன். முறைத்தார்.
"பிரேக் பிடிக்கிறது என்று அர்த்தம்."
அது புரிந்தது அவருக்கு.

செவ்வாய்க்கிழமை.
தூங்குகிறவருக்குக் கனவில்லை,
கனவுக்கும் சேர்த்துத்தான் மருந்து கொடுத்திருந்தேன்.
ஜிவிலேயின் கருவி நுனி கட்டியைத் தொட்டது,
உடம்பு மட்டும் புலியைக் கண்டது.
நூற்று முப்பது. நூற்றுத் தொண்ணூறு.
இருநூற்று ஐம்பத்திரண்டு.
"கையை எடு."
எடுத்தாள்.
நின்றோம், அவளும் நானும் பம்புகளும்.
இறங்கியது. "ம், இப்போது."
நாய் படுத்திருக்கும் பாயை
நாய் விழிக்காமல் உருவுவதுபோல
இரண்டு மணி நேரம்.

பிறகு ரத்தநாளத்தில் கிளிப்.
எனக்கு வயிற்றைப் பிசைவது அந்தக் கணம்தான்.
ஓயாமல் கத்திக்கொண்டிருந்த வீட்டில்
சட்டென்று யாருமில்லை.
எழுபது. ஐம்பத்தாறு.
எதை வெட்டி எடுத்தோமோ
அதே இனத்துச் சரக்கைக்
குழாய்வழி சொட்டுச் சொட்டாகக் கடன் கொடுத்தேன்.
அறவே பயமில்லாத உடம்பும்
நிற்காது, சரிந்துவிடும்.

தராசில் நாற்பத்தொரு கிராம்.
ஒரு கடிதத்துக்கு ஒட்டும் தபால்தலை
இதற்கும் போதும் என்றாள் ஜிவிலே.
யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை, தீவிர சிகிச்சை அறையில்
யாரோ உலோகத் தட்டைக் கீழே போட்டார்கள்.
ரிம்வீதாஸ் தூக்கிவாரிப் போட்டது போல் அதிர்ந்தார்.
திரையில் நாடி எகிற, நான் எழுந்துவிட்டேன்.
அவர் தட்டைப் பார்த்தார்.
உருண்டுபோன கிண்ணத்தைப் பார்த்தார்.
விரலை நீட்டி என்னிடம் காட்டினார்,
"அதனால்தான்.
டாக்டர், இது அதனால்தான்."

மூக்கு இன்னும் அடைத்திருந்தது.