வந்தேனாம்

லைட் தெரு நீதிமன்றத்தில் பதினேழு வருடம்
அவர் மேடைக்குக் கீழே என் நாற்காலி.
ஜூருபாசா என்பார்கள் என்னை.
தமிழை வாங்கி மலாயில் கொடுப்பேன்,
மலாயை வாங்கித் தமிழில்.
காசு மாற்றுகிறவன் வேலை.
கூண்டில் நிற்பவனுக்கு எண்ணிப் பார்க்கத் தெரியாது.

யாங் அரிஃப் புனிதவதி அருளம்பலம் எண்ணுவார்.
பத்து காஜாவில் மாஜிஸ்திரேட், ஈப்போவில் செஷன்ஸ்,
பிறகு பினாங்கு, கறுப்பு அங்கி.
ஏசி குளிருக்கு மேசையடியில் கம்பளிக் காலுறை:
என் இடத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும்.
தமிழ் அவருக்குத் தெரியும்,
தெரிந்ததாகக் காட்டக் கூடாது.
காதில் விழுந்த பிறகும் பேனா காத்திருக்கும்
நான் மலாயில் சொல்லி முடிக்கும் வரை.

நான்கு பேருக்கு அவர் வாயால் தூக்கு.
அதை அவர்களுக்குத் தமிழில் சொன்ன வாய்
என்னுடையது.

ஐந்தாவதாக வந்தவன் வீரபத்திரன்,
பிறையில் லாரி கிளீனர்.
ஒரு பை, அதில் நானூற்றுச் சொச்சம் கிராம்.
குற்றவாளி என்றால் கயிறு;
அன்றைய சட்டத்தில் நடுவே ஒன்றும் கிடையாது.
அவன் சொன்னான்:
"பைய நான்தான் கொண்டு வந்தேனாம்."
நான் மலாயில் சொன்னேன்:
பையை நான்தான் கொண்டு வந்தேன்.
மதியம் மூன்று மணி,
நாசி கண்டார் வயிற்றில் கனத்தது.

பேனா இறங்கவில்லை.
"ஊலாங்," என்றார். திருப்பிச் சொல்.
என்னைப் பார்க்கவில்லை,
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.
சட்டைக்குள் முதுகு நனைந்தது.
"கோனோன்," என்றேன்.
கோனோன், நான் கொண்டு வந்தேன்.
பேனா இறங்கியது.

ஆம்.
தனியே நின்றால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.
வினையின் வாலில் தொற்றிக்கொண்டால்
ஊர் சொல்கிறது, நானறியேன்.

விடுதலை என்று நாற்பத்திரண்டு பக்கம் எழுதினார்.
புத்ராஜெயாவில் மூன்று பேர்
ஒன்பது பக்கத்தில் அதைத் திருப்பினார்கள்.
சட்டம் மாறிய வருடம்
கயிறு முப்பது வருடமாயிற்று.
அப்போது அவர் ஓய்வு பெற்றிருந்தார்.
நான் போய்ச் சொல்லவில்லை,
பேப்பரில் படித்திருப்பார்.

அந்த நால்வர் பேச்சில்
எத்தனை விகுதி என் நாக்கில் நழுவியதென்று
அவர் கேட்டதே இல்லை.
அவருக்கும் காது இருந்ததே என்று
நானும் கேட்டதில்லை.
சில இரவு, கொசுவர்த்தி அணைந்த பிறகு,
எண்ண ஆரம்பித்து விட்டுவிடுவேன்.

போன மாதம் சௌராஸ்தா மார்க்கெட்டில் பார்த்தேன்.
ரப்பர் செருப்பு, துணிப்பை, முடி முழுக்க நரை.
மீன்கார காதர் பாய் சொல்கிறார்:
"விடியக்காலம் பிடிச்சதாம், எடுத்துக்குங்க."
செவுளைத் தூக்கிப் பார்த்தபடி
"யார் சொன்னா?" என்கிறார்.

பாய் சிரித்தார்.
அவர் சிரிக்கவில்லை, பதிலுக்குக் காத்திருந்தார்,
கையில் பேனா இருப்பது போல.

நான் கருவாட்டுக் கடைப் பக்கம்
திரும்பி நின்றுகொண்டேன்.