நூற்றுப் பதினாறு

மார்ச் கடைசி.
ஊலுவில் கூரைகள் சொட்டத் தொடங்கிவிட்டன.
பனி உருகும்போதுதான் பனி உடுப்பு மலியும்.
யாரும் சொல்லித் தெரிந்ததல்ல;
ஓர் அக்டோபரில் முழு விலை கொடுத்த ரசீது
சமையலறை மேசையில் கிடந்து சொன்னது.

இங்கே குழந்தை உடுப்பு வயதைக் கேட்காது.
உயரம் கேட்கும்.
நூற்று நான்கு, நூற்றுப் பத்து, நூற்றுப் பதினாறு,
ஆறு ஆறு சென்டிமீட்டராக ஏறும் ஏணி.
ஹில்யா இன்றைக்கு நூற்று ஏழு.
நவம்பரில் எந்தப் படியில் நிற்பாள்?
பங்குச் சந்தைக்காரன் இதைவிட நிம்மதியாகத் தூங்குவான்.

கடைத்தெருவில் பாதி விலைப் பலகை.
பாதி என்றாலும் அறுபத்தைந்து யூரோ.
மஞ்சள் சீட்டை நகத்தால் உரித்தால்
அடியில் ஆரஞ்சு,
அதற்கும் அடியில் வெள்ளை:
டிசம்பரில் என்னைப் பார்த்துச் சிரித்த அதே விலை.
ஒட்டிவைத்துவிட்டு
ரயிலடிக்குப் பின்னால் இருக்கும்
பழைய துணி மண்டபத்துக்கு நடந்தேன்.

அங்கே அலமாரியை வாரக் கணக்கில் வாடகைக்கு விடுவார்கள்.
விற்பவர் முகம் தெரியாது.
பிள்ளை வளர்ந்த வீடு என்று மட்டும் தெரியும்.
எனக்கு ஒரு முறை உண்டு:
முதலில் முழங்கால், பிறகு பின்புறம்
(சறுக்குமரம் தின்பது அங்கேதான்),
காலணிக்கு அடியில் மாட்டும் ரப்பர் வார்,
கடைசியில் ஜிப்.
மூன்று முறை ஏற்றி, மூன்று முறை இறக்கி.

நாற்பத்தோராம் அலமாரி.
அரக்குச் சிவப்பில் ஒரு முழு உடுப்பு. ஒன்பது யூரோ.
ஜிப்பின் நாக்கு இருக்க வேண்டிய இடத்தில்
தூண்டில் நரம்பில் கோக்கும் சிறிய பித்தளைச் சுழலி.

நான்கு குளிர்காலத்துக்கு முன்
ஓர் இரவு, இடுக்கியால் கடித்து
நான் மாட்டிய சுழலி.

கழுத்துப் பட்டையைத் திருப்பினேன்.
வெய்க்கா, அடித்திருந்தது. என் கையெழுத்து,
முதல் எழுத்தின் வலது கால் வழக்கம்போல் நீண்டிருந்தது.
அதன் கீழ் ஒனெர்வா, அதுவும் அடித்திருந்தது.
அதன் கீழ் தய்தோ.
இடது முழங்காலில் நான் வைக்காத ஒட்டு,
நீல நட்சத்திரம், இருட்டில் ஒளிரும் துணி.
தையல் என் தையலைவிட நன்று.

பதினைந்துக்கு விற்றேன், ஒன்பதுக்கு வாங்குகிறேன்.
ஆறு யூரோ வரவு என்று எழுதலாமா?
இரண்டு குழந்தைகளின் இரண்டு குளிர்காலம்
எந்தப் பத்தியில் வரும்?
கல்லாவில் இருந்த பெண்ணிடம் கதையைச் சொன்னேன்.
"பை வேண்டுமா?" என்றாள்.
பைக்கு இருபது சென்ட்.
வேண்டாம் என்று தோளில் போட்டுக்கொண்டேன்.

வெய்க்காவுக்கு இப்போது பன்னிரண்டு வயது.
"என்னுடையது பச்சை இல்லையா?" என்றான்.
அவனுக்கு வேண்டியது கறுப்பில் ஒன்று,
மார்பில் வெள்ளையாக ஒரு பெயர், அதுவும் அவன் பெயரல்ல.
தள்ளுபடிக்கு வராத வகை.
காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள்;
பன்னிரண்டு வயதுக்கு எந்தப் பக்கம் காற்று?

கோடை முழுக்க அது அலமாரி மேல்தட்டில்
கை கால் மடித்துக் கிடந்தது.
ஜூலையில் ஹில்யாவைக் கதவுச் சட்டத்தில் நிறுத்திக்
கோடு போட்டேன். நூற்றுப் பத்து.
செப்டம்பரில் நூற்றுப் பத்தரை.
சாப்பிடு என்று நான் சொன்னதில்
கொஞ்சம் கணக்கும் கலந்திருந்தது.

முதல் பனி விழுந்த காலையில்
மணிக்கட்டில் ஒரு மடிப்பு, கணுக்காலில் ஒரு மடிப்பு.
சுழலியைத் தானே பிடித்துக்
கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.
பட்டையில் அவள் பெயருக்கு இடமில்லை.
தய்தோவை அடிக்கப் பேனாவை எடுத்தேன்.

"அடிக்காதே" என்றாள்.
"அவன் நட்சத்திரம் இதில் இருக்கிறது."

பட்டையின் பின்பக்கம் எழுதினேன், சின்னதாக.
இன்னொரு பெயருக்கு இடம் விட்டு.