போகும் என்றொரு ஊர்

ஹாகன் நகரச் சுகாதாரக் கந்தோர்,
இரண்டாம் மாடி, பழைய பல்மருத்துவ அறை.
பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சொத்தைப் பல் பார்த்த நாற்காலியை
மூலைக்குத் தள்ளிவிட்டு
எனக்கு மேசை போட்டார்கள்.
பல் துலக்கும் முதலை ஒன்று
இன்னமும் சுவரில் சிரித்துக்கொண்டிருக்கிறது.

ஆய்வுகூடம் தொலைநகலில் அனுப்பும்.
ஆமாம், தொலைநகலில்தான்.
சூடான தாள், சாய்ந்த எழுத்து.
இந்த நாட்டில் ஒன்றுக்கும் கூரை போடுவார்கள்,
ஏழுக்கு இடுப்பில் கோடு இழுப்பார்கள்.
மை குறைந்த நாளில் கோடு விழாது;
ஒருத்தர் வயது எழுபத்தொன்றா, பதினேழா?
வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன்.

பரிசோதனை இத்தனை,
தொற்று இத்தனை,
இறப்பு இத்தனை.
நாலு மணிக்குள் போகும் நகரத்துக்கு அனுப்பவேண்டும்.
மாநிலத்தின் ஐம்பத்து மூன்று கந்தோர்களும்
அங்கேதான் அனுப்புகின்றன.

தொண்டையைச் சற்றே செருமி அவர்கள் சொல்லும் அந்தப் பெயர்
என் காதில் மட்டும் வினைமுற்று.
"எண்கள் எங்கே?" என்பாள் மேலாளர் விப்கே ஹோல்ஷர்.
"போகும்" என்பேன்.
அவளுக்கு ஊர்.
எனக்கு எதிர்காலம்.

நவம்பரில் ஆள் போதாமல் இராணுவத்தைக் கூப்பிட்டார்கள்.
பக்கத்து மேசையில் லெனார்ட், இருபது வயது,
பச்சைச் சீருடை, காதில் ஒலிவாங்கி:
"வணக்கம், நீங்கள் தனிமைப்பட்டிருக்கிறீர்களா?"
முதல் நாள் அவன் உள்ளே வந்தபோது
என் கை கேட்காமலே கைப்பைக்குள் போய்
அடையாள அட்டையைத் தேடிற்று.
அவன் நீட்டியது ஒரு பிஸ்கட் பெட்டி.

எங்கள் அட்டவணையில்
சனி ஞாயிறு யாரும் சாவதில்லை.
திங்கள், ஏதோ ஒன்றிரண்டு.
செவ்வாய்க்கிழமைதான் எல்லோரும்.
இரவுச் செய்தியில் மாநில வரைபடம் வரும்,
எங்கள் நகரம் கத்தரிப்பூ நிறத்தில்.
"நீயா அடிச்சனீ?" என்பார் பேக்கரி வேலையால் வந்த கணவர்,
பாதி பகிடி.
நான்தான்.

ஒரு புதன்கிழமை திருமதி டிர்க்ஸன் அழைத்தாள்.
புகாரில்லை, கேள்வி ஒன்றுதான்:
அப்பா எந்த நாள் எண்ணில் இருக்கிறார்?
மருத்துவமனைக்குள் விடவில்லை,
அடக்கத்துக்குப் பத்துப் பேர்தான்.
பேப்பரில் அவர் இருக்கும் இடத்தையாவது
வெட்டி வைக்கலாம் என்று.
சொல்லக்கூடாது. சொன்னேன்.
நேற்று நாலு. அந்த நாலில் ஒருவர்.
நன்றி சொன்னாள், இரண்டு தரம்.

வெள்ளிக்கிழமை இசர்லோன் பக்கமிருந்து ஒரு தொலைநகல்.
அவர் பதிவு அங்கேயாம்.
மூன்று வருஷம் மகள் வீட்டுப் பின்னறையில் இருந்தும்
விலாசம் மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.
சட்டப்படி அவர் அந்த மாவட்டத்தின் சாவு.
எங்களுடையதிலிருந்து எடுக்கவேண்டும்.

அன்று எங்கள் ஊரில் வேறு இறப்பில்லை.
ஆகவே கட்டத்தில் விழுந்தது:
கழித்தல் ஒன்று.
ஒருத்தர் எழுந்து, மேலங்கியை மாட்டிக்கொண்டு,
மலையைத் தாண்டிப் பேருந்தில் போனமாதிரி.
லெனார்ட் எட்டிப் பார்த்தான்,
சிரிக்க வாயெடுத்து, விட்டுவிட்டான்.

இசர்லோன்காரர் ஏற்கெனவே சேர்த்துவிட்டார்கள்.
நான் இன்னும் கழிக்கவில்லை.
நாலு மணி ஆயிற்று, ஹோல்ஷர் வாசலில் நின்றாள்.
ஏழு நிமிடம்
அவர் இரண்டு ஊரிலும் இறந்திருந்தார்.

பிறகு அழுத்தினேன்.

செவ்வாய்க்கிழமை மூன்றாகிவிட்டது,
போகும் நகரத்திலும், பெர்லினிலும்,
யாரோ வரையும் வளைகோட்டிலும்.
திருமதி டிர்க்ஸனை அழைத்துச் சொல்லும் வேலை
எந்தப் படிவத்திலும் இல்லை;
நானும் அழைக்கவில்லை.
அவள் வெட்டி வைத்த துண்டில்
இன்னமும் நாலு.