பன்னிரண்டாயிரம் லிட்டர்

லோடுக்குப் பன்னிரண்டாயிரம் லிட்டர்.
கோட்டையூரில் எனக்கு இரண்டு டேங்கர்,
ஒன்றுக்கு பிரேக் சரியில்லை.
எதைப் பார்த்தாலும் லோடாகத்தான் கண்ணில் விழும்.
கண்மாய், ஊருணி,
ஐப்பசி மழையில் ஒருமுறை முங்கிய பஸ் நிலையம்.

அப்படிப்பட்டவளைத்தான்
கப்பல் கம்பெனி லூபெக்குக்குக் கூப்பிட்டது.
தம்பி அடைக்கலம் சரக்கு அறைக்குள் விழுந்துவிட்டான்,
வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை,
உறவில் ஒருவர் வரலாம், டிக்கெட் எங்களது
என்று மெட்ராஸ் ஆபீஸ் பெண்
டீசல் போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

பதினொரு நாள்.
மாத்திரைக்கு அவன் தூங்குவான், நான் நடப்பேன்.
பழைய ஊரைச் சுற்றி நாலு பக்கமும் தண்ணீர்.
இடக்கைப் பக்கம் ஆறு என்று நடக்கத் தொடங்கினால்
அதே இடக்கையில் அதே ஆறு,
கிளம்பிய பாலத்துக்கே கொண்டுவந்து விடும்.
முதல் நாள் தொலைந்துபோனேன் என்று பயந்தேன்.
மூன்றாம் நாள்
இங்கே தொலைய முடியாது என்று எரிச்சல் வந்தது.

எண்ணிப் பார்த்தேன்.
நாற்பது லோடு. நானூறு. நாலாயிரம்.
குறுக்கே ஒரு வாத்து போனது,
கணக்கு விட்டுப்போயிற்று.

யாரும் அதை அள்ளவில்லை.
குடம் இல்லை, மோட்டார் இல்லை, அடிதடி இல்லை.
ஒரு பெரியவர் தன் நாய்க்கு அதைக் காட்டிக்கொண்டிருந்தார்.

ஊர் வாசலில் குண்டாக இரண்டு கோபுரம்,
கூம்புத் தொப்பி போட்டு,
கல்யாண வீட்டில் ரகசியம் பேசுகிறவர்கள்போல
தலை சாய்ந்து.
அடியில் சேற்று மண்ணாம், கட்டும்போதே இறங்கியதாம்.
எங்கள் பக்கம் சுவர் சாய்ந்தால்
மறுவாரமே தேக்கைப் பிரிக்க ஆள் வந்துவிடும்.
பக்கத்திலேயே பழைய உப்புக் கிடங்குகள்.
வட்டிக் காசில் எழும்பிய வீடுகளுக்கு நடுவில் வளர்ந்தவள்,
உப்புக் காசில் எழும்பியதை அன்றுதான் பார்த்தேன்.

மாதா பெயரில் ஒரு பெரிய கோயில், செங்கல்.
சண்டைக்காலத்தில் குண்டு விழுந்து கூண்டு எரிந்தபோது
இரண்டு மணிகள் கீழே வந்திருக்கின்றன.
வந்த இடத்திலேயே கிடக்கின்றன,
தரைக்கல்லை உடைத்து, வாய் கிழிந்து.
எடுக்கவில்லை. உருக்கவில்லை.
கம்பி அடைத்து வைத்திருக்கிறார்கள்.
மெழுகுவர்த்தி வாங்கப் போனவள்
கையில் சில்லறையோடு அங்கேயே நின்றேன்.

அன்று ராத்திரி அவனிடம் சொன்னேன்.
சுவரைப் பார்த்தபடி கேட்டான்,
"எவ்வளவு உயரம்?"
தெரியலடா என்றேன்.
"என்னது ஒன்பது மீட்டர்."

இப்போது மே மாதம்.
கானாடுகாத்தானில், ஹோட்டலாகிவிட்ட ஒரு வீட்டுக்கு
நீச்சல் குளம் நிரப்ப எட்டு லோடு.
பூம்புகாரைக் கடல் கொண்டபோது
தப்பி வந்தவர்கள் கட்டிய ஊராம்,
அந்தப் பயத்தில்தான் வீடெல்லாம் இத்தனை உயரமாம்.
"ரொம்பத் தூரம் ஓடிட்டாங்கக்கா,
கொஞ்சம் முன்னாடியே நின்னிருக்கலாம்"
என்பான் டிரைவர் ராயப்பன், ஓஸை இழுத்தபடி.

முழங்கால் அளவுத் தண்ணீரில்
காலை விட்டு உட்கார்ந்திருந்தவள் ஜெர்மனிக்காரி.
லூபெக், என்றேன்.
அவள் அங்கே போனதே இல்லையாம்,
தெற்கே மலைப்பக்கமாம்.
எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்டாள்.
ஈரத் தரையில் விரலால் ஒரு வட்டம் போட்டேன்,
உள்ளே ஒரு புள்ளி.
வெயிலில் வட்டம் முதலில் காய்ந்தது.

வாசலில் அடுத்த வண்டியின் ஹார்ன்.
பம்பு செட்டில் சீட்டுப் போடுவது அடைக்கலம்தான்,
கட்டைக் காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு.
போனில் கேட்டான்,
"அக்கா, இது ஏழா?"
"ஆறு" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.
அப்புறம்
சீட்டுக் கிழிகிற சத்தம்.