நுரை நிற்கும் வரை

எல் ஆல்ட்டோவில் மூச்சு கொஞ்சம் விலை அதிகம்.
நாலாம் மாடி ஏறி வந்த டாக்டரே
சற்று நின்றுதான் முதல் வாக்கியத்தை எடுத்தார்.
அவர் பேசியது ஸ்பானிய மொழி.
தியோதோரா சுக்கிமியாவின் காதுக்குப் பழகியது அய்மாரா.
இரண்டுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
அதில் நான்.
சம்பளச் சீட்டில் என் வேலைக்குப் பெயர் கிடையாது,
'இதர பணிகள்' என்று போட்டிருக்கிறார்கள்.

கிரியாட்டினின் பதினொன்று என்றார்.
அவள் தலையாட்டினாள்.
தலையாட்டலை நான் நம்புவதில்லை.
இங்கே புரியாதவர்கள்தான் முந்திக்கொண்டு ஆட்டுகிறார்கள்,
கடன் கேட்க வந்தவர்கள் மாதிரி.

'இனி முன்னால் இருப்பது…' என்று
டாக்டர் கையை ஜன்னல் பக்கம் நீட்டினார்.
எங்கள் மொழியில் முன்னால் இருப்பது கடந்த காலம்.
கண்ணால் பார்த்தது அதுதானே.
வரப்போவது முதுகுக்குப் பின்னால் நிற்கிறது,
இன்னும் யாரும் பார்க்காதது.
அவள் ஜன்னலைப் பார்த்தாள்.
போன வருஷம் செத்த புருஷனைத் தேடினாளோ,
விற்காமல் துருப்பிடித்த பூட்டுகளைத்தானோ.
டாக்டர் நீட்டிய அந்தக் கையை
நான் என் தோளுக்குப் பின்னால் காட்டி மொழிபெயர்த்தேன்.

ஒப்புதல் படிவம் ஒன்பது பக்கம்.
மகன் எட்வின் படித்தவன், ஸ்பானியம் தெரிந்தவன்.
ஒன்பது பக்கத்தையும் இரண்டு சொல்லாக்கினான்:
'சரியாகிவிடும், அம்மா.'
பேனாவை நீட்டினான்.

நான் குறுக்கே விழுந்தேன்.
'கீன்வா கழுவியிருக்கிறாய்தானே?'
'கழுவாமல் எவள் தின்பாள்? ஒரே கசப்பு.'
'அந்தக் கசப்பைக் கழுவ
உன் உடம்புக்குள் இரண்டு சட்டி இருந்தது.
இரண்டும் நின்றுவிட்டன.
இனிமேல் இயந்திரம் கழுவும்.
ரத்தம் குழாய் வழியே வெளியே போகும்,
கழுவிக்கொண்டு உள்ளே திரும்பும்.
ஒரு தடவைக்கு நாலு மணி நேரம்.'

நன்றாகத்தான் சொல்லிவிட்டேன்.
எனக்கே என்மேல் ஒரு பெருமை.

'எத்தனை தண்ணி?' என்றாள்.
'எனக்கு மூன்று தண்ணி போதும்.
நுரை நின்றதும் சட்டியைக் கவிழ்த்துவிடுவேன்.'

அங்கேதான் என் உவமை ஒழுகியது.

டாக்டர் என்னைப் பார்த்தார், என்ன கேட்கிறாள் என்று.
எட்வின் பேனா மூடியைத் திறந்தான், மூடினான், திறந்தான்.
அழகாகச் சொன்ன பொய்யைத்
திரும்ப எடுப்பது ஊசியை இழுப்பது போல,
மெதுவாக இழுத்தால் இன்னும் வலிக்கும்.
'தப்பாகச் சொல்லிவிட்டேன், தியோதோரா.
இந்த நுரை நிற்காது.
வாரம் மூன்று நாள், மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும் வரை.
கிடைக்காமலும் போகலாம்.
அப்படியானால் நீ இருக்கும் வரை.'
'நிறுத்தினால்?'
டாக்டரிடம் கேட்டேன். சொன்னார்.
'நாள் கணக்கு. மிஞ்சினால் சில வாரம்.'

மகன் என்னைப் பார்த்தான்,
அவன் பையிலிருந்து எதையோ திருடியவளைப் பார்ப்பதுபோல.

'இப்போது நீ சொல்,' என்றேன்.
'நான் உன் பக்கத்துக் கடைக்காரி. எனக்கு ஒன்றும் தெரியாது.'

அவள் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டாள்.
'என் ரத்தம் குளிக்கப் போகிறது.
குளித்துவிட்டு வருகிறது.
மறுபடி அழுக்காகிறது, மறுபடி போகிறது.
அது போகாத வாரம் நான் போவேன்.'

டாக்டர் அப்போதுதான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

'எந்தெந்த நாள் போட்டிருக்கிறது?'
'செவ்வாய், வியாழன், சனி.'
'வியாழன் வேண்டாம்.'
தலையாட்டலின் சாயல்கூட இல்லை.
'வியாழன் சந்தை. பூட்டும் சாவியும்
வியாழனும் ஞாயிறும்தான் விற்கும்.'

பட்டியலைப் புரட்டினார்கள்.
திங்கள், புதன், வெள்ளி:
ஒரே ஒரு நாற்காலி காலி,
விடியற்காலை ஐந்து மணிக்கு, குழாய்த் தண்ணீர் உறைகிற நேரம்.
'நான் மூன்றுக்கே எழுகிறவள்,' என்றாள்.

படிவத்தில் கிழமையை அடித்து எழுதினேன்.
அதற்குப் பிறகுதான் கட்டைவிரலை மையில் வைத்தாள்.
மை காய்வதற்குள் அடுத்தது:
'சரி, இத்தனை கழுவலுக்கும் யார் காசு கட்டுவது?'

ஏழாம் பக்கம்.
நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.